உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போகாமல் நடக்க வேண்டும்: அயர்லாந்திலிருந்து திரும்பிய ஒரு முன்னாள் வார்டு உறுப்பினரின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஜூன் 4ஆம் தேதி நம் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த வாரத்தில் நம் பத்திரிகைகளில் வேறு செய்திக்கு இடம் இருந்திருக்காது. அதே வாரம் வெள்ளிக்கிழமை, 2024 ஜூன் 7 அன்று, அயர்லாந்து நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. கவுன்ட்டி கவுன்சில் (நம் மாவட்ட மன்றம் மாதிரி), நகர கவுன்சில் எல்லாம் சேர்த்து 31 மன்றங்கள், 949 கவுன்சிலர்கள், நாடு முழுவதும் ஒரே நாளில் ஓட்டுப்பதிவு. மகளின் பேறுகாலத்துக்காகப் போயிருந்த நான் அந்த நாட்களில் டப்ளினை ஒட்டிய டாலா என்ற ஊரில் இருந்தேன். 2011 முதல் 2016 வரை பச்சையாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு சின்ன ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவள் நான். அங்கே பார்த்ததை நம் திருநெல்வேலிச் சீமை மக்களுக்கும், அதைவிட முக்கியமாக நம் அதிகாரிகளுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

என் மகள் அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வேலை அனுமதியில் போயிருக்கிறாள். இன்றும் இந்தியக் குடியுரிமைதான். ஒருநாள் தபாலில் வந்த அட்டையைக் கொண்டுவந்து, "எம்மா, எனக்கும் ஓட்டு வந்திருக்கு, பாரேன்" என்று காட்டினாள். எனக்கு நம்ப முடியவில்லை. விவரம் கேட்டபோதுதான் புரிந்தது. அந்த நாட்டின் நாடாளுமன்றத் தேர்தலில் அயர்லாந்து, பிரிட்டன் குடிமக்களுக்கு மட்டும்தான் ஓட்டு. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஐரோப்பிய ஒன்றியத்துக் குடிமக்களுக்கு. ஆனால் உள்ளாட்சிக்கு அப்படி இல்லை. அந்த ஊரில் குடியிருக்கிற, 18 வயது நிரம்பிய, பட்டியலில் பேர் பதிந்த எவரும் ஓட்டுப் போடலாம். எந்த நாட்டுக்காரர் என்று கேட்பதில்லை. வேட்பாளராகவும் நிற்கலாம். குப்பை, ரோடு, வீட்டு வசதி, நூலகம், பூங்கா இவற்றை அங்கே குடியிருக்கிற எல்லோரும்தானே பயன்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. அன்றைக்கு ஐரோப்பியத் தேர்தலும் சேர்ந்து நடந்ததால் பக்கத்து வீட்டு அயர்லாந்துப் பெண்மணிக்கு இரண்டு சீட்டு, என் மகளுக்கு ஒரு சீட்டு. நம் வாழைத் தோட்டங்களிலும் ஓட்டல்களிலும் வருஷக்கணக்காக வேலை செய்யும் வடமாநிலத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இங்கே ஓட்டு இருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஓட்டுச்சாவடி ஒரு தொடக்கப் பள்ளி. அது நம் ஊர் மாதிரிதான். காலை 7 மணிக்குத் தொடங்கி இரவு 10 மணி வரை. ஜூன் மாதத்தில் அங்கே பத்து மணி நெருங்கித்தான் இருட்டுகிறது. அதனால் பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் நேரம் கிடைக்கிறது. விரலில் மை கிடையாது. சீட்டில் வேட்பாளர் பெயர், கட்சிச் சின்னத்தோடு அவருடைய போட்டோவும் அச்சிட்டிருக்கிறார்கள். முத்திரை குத்துவது இல்லை, பென்சிலால் எண் எழுதுவதுதான். மின்கம்பங்களில் கட்டியிருந்த வேட்பாளர் படங்களை ஓட்டுப்பதிவு முடிந்து ஏழு நாளுக்குள் கழற்றிவிட வேண்டும் என்பது சட்டம்.

எண் எழுதுவது என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நமக்கு ஒரு வார்டுக்கு ஒரு உறுப்பினர். ஒருத்தருக்கு ஒரு முத்திரை. அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார், மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அங்கே ஒரு பகுதிக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு உறுப்பினர்கள். டாலா தெற்கு என்ற பகுதிக்கு ஐந்து பேர். ஓட்டுப் போடுகிறவர் தனக்கு முதலில் பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அப்புறம் 3 என்று விரும்புகிற வரைக்கும் எழுதிக்கொண்டே போகலாம். ஐந்து இடத்துக்கு 6,000 செல்லுபடியான ஓட்டு விழுந்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஐந்தோடு ஒன்றைக் கூட்டி, அந்த ஆறால் 6,000ஐ வகுத்து, வந்ததோடு ஒன்றைச் சேர்த்தால் 1,001. அதை எட்டியவர் ஜெயித்தார். ஆறு பேர் 1,001 வாங்க முடியாது, ஐந்து பேர்தான் வாங்க முடியும். அதனால்தான் அந்தக் கணக்கு.

ஒருவர் 1,001க்கு மேல் வாங்கினால் மிச்ச ஓட்டு வீணாவதில்லை. நம் பக்கம் மேல்குளம் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போவதுபோல, அந்த மிச்சம் அந்தச் சீட்டுகளில் 2 என்று எழுதியவர்களுக்குப் போகிறது. எவருமே எட்டாத சுற்றில் கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருக்கு விழுந்த சீட்டுகளை அடுத்த எண்ணுக்கு மாற்றுகிறார்கள். இப்படிச் சுற்றுச் சுற்றாக, எல்லாம் கையால் எண்ணி முடிக்கிறார்கள். இதற்கு இயந்திரம் வைத்துப் பார்த்தவர்கள்தான் அவர்கள். 2002இல் மூன்று தொகுதிகளில் சோதித்தார்கள். அப்புறம் மக்களுக்கு நம்பிக்கை வராததால், ஐந்து கோடி யூரோவுக்கு மேல் செலவான அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். 2012இல் இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயின. நம் கிராமங்களிலும் ஊராட்சித் தேர்தல் இன்றுவரை காகிதச் சீட்டில்தான் நடக்கிறது. தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள் என்று, வார்டு உறுப்பினரின் சீட்டோடு சேர்த்து நாலு சீட்டைப் பிரித்து எண்ணுவதற்குள் விடிந்துவிடும். அந்த உழைப்பு எனக்குத் தெரியும் என்பதால் அவர்கள் எண்ணுவதை டிவியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு அட்டையும் பேனாவுமாக நின்று, சீட்டைப் பிரிக்கும்போதே கண்ணால் பார்த்துக் கோடு போட்டுக் கணக்கெடுக்கிறார்கள். பகல் சாப்பாட்டுக்குள் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று ஓரளவு சொல்லிவிடுகிறார்கள்.

இந்த 1, 2, 3 முறையில் என் மனதைத் தொட்டது வேறொன்று. வீட்டு வாசலுக்கு வந்த ஒரு வேட்பாளர் என் மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். அவள் தன் முதல் ஓட்டு வேறொருவருக்கு என்று நேராகவே சொல்லிவிட்டாள். அவர் முகம் மாறவில்லை. "சரி, நல்ல ஆள்தான். எனக்கு இரண்டாவதைக் கொடுங்கள்" என்று சொல்லி, ஒரு நோட்டீசைக் கொடுத்துவிட்டுப் போனார். எதிராளியின் ஆட்களிடமும் 2, 3 கேட்டாக வேண்டும் என்கிறபோது எதிராளியை ஏச முடியாது.

நம் ஊரில் தலைவர் தேர்தல் முடிந்தால் என்ன நடக்கிறது என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து ஓட்டு வித்தியாசத்தில் ஒருவர் ஜெயித்தால் அடுத்த ஐந்து வருஷம் ஊர் இரண்டாகக் கிடக்கும். கோயில் கொடைக்கு ஒரு தரப்பிடம் வரி வாங்கமாட்டார்கள். கல்யாணத்துக்குப் போக்குவரத்து நின்றுபோகும். அது மட்டும் என்றால் பரவாயில்லை. தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணியை 2011 ஜூனில் வெட்டினார்கள். அவர் பிழைத்தது பெரிய விஷயம். அதே வருஷம் அக்டோபரில்தான் நான் வார்டுக்கு நின்றேன். வேட்புமனு கொடுக்கப் போன அன்று என் அத்தை வாசலில் உட்கார்ந்து அழுதது இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஒரு பொம்பிளை தெருவிளக்குக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பொறுப்பேற்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்த ஊர் இது.

அயர்லாந்தில் எல்லாம் பாலும் தேனும் என்று நான் சொல்லவரவில்லை. 2023 நவம்பரில் டப்ளின் நகரத்தில் பெரிய கலவரம் நடந்தது. குடியேறிகளுக்கு எதிரான கோபம் அதில் வெளிப்பட்டது. இந்தத் தேர்தலிலும் அந்தக் கோபத்தை வைத்து நின்றவர்களில் சிலர் டப்ளின் பகுதியில் ஜெயித்திருக்கிறார்கள். இரவு வேலை முடித்து மகள் வீடு வந்து சேரும்வரை எனக்குத் தூக்கம் வராது. அதே டாலா தெற்கில்தான் கேரளத்தில் பிறந்த பேபி பெரப்பாடன் கவுன்சிலராக ஜெயித்தார். ஜூன் மாதமே தெற்கு டப்ளின் கவுன்ட்டி கவுன்சிலின் 40 உறுப்பினர்களும் கூடி, அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று என் மகளும் அவளோடு வேலை செய்கிற மலையாளப் பிள்ளைகளும் போனில் பேசிப் பேசிச் சந்தோஷப்பட்டதைப் பார்த்தேன்.

முடிவுகளையும் சொல்லிவிடுகிறேன். ஃபியன்னா ஃபாயில் கட்சிக்கு 248 இடம், ஃபினே கேல் கட்சிக்கு 245. இரண்டுமே அந்த நாட்டை மாறி மாறி ஆண்டு, 2024 தேர்தல் நேரத்தில் பசுமைக் கட்சியையும் சேர்த்துக்கொண்டு கூட்டணி ஆட்சி நடத்தியவை. எதிர்க்கட்சியான ஷின் ஃபெய்ன்தான் அடுத்து ஆட்சிக்கு வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு 102 இடம்தான் கிடைத்தது. 2019இல் அது வாங்கிய 81ஐவிடக் கூடுதல் என்றாலும், எதிர்பார்ப்புக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பசுமைக் கட்சி 49இலிருந்து 23க்கு இறங்கியது. கட்சி சாராதவர்கள் 180 பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். ஓட்டுப் போட வந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். இந்த விஷயத்தில் நாம் எவ்வளவோ மேல். எங்கள் பக்கம் உள்ளாட்சித் தேர்தலுக்கு நூற்றுக்கு எழுபது பேர் வருவது சாதாரணம். பெண்கள் விஷயத்திலும் நாம்தான் மேல். அங்கே கவுன்சிலர்களில் நாலில் ஒரு பங்குதான் பெண்கள். நமக்கு 2016லேயே சட்டப்படி பாதி இடம்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் 2014இல் 80 டவுன் கவுன்சில்களைக் கலைத்து, எல்லாவற்றையும் கவுன்ட்டிக்குள் சேர்த்துவிட்டார்கள். தெற்கு டப்ளின் கவுன்ட்டியில் மூன்று லட்சம் பேருக்கு 40 கவுன்சிலர்கள். நம் திருநெல்வேலி மாவட்டத்தில், தென்காசி பிரிந்துபோன பிறகும், 204 கிராம ஊராட்சிகள். அவற்றின் வார்டு உறுப்பினர்களை மட்டும் எண்ணினாலே ஆயிரத்துக்கு மேல் போகும். அயர்லாந்து நாடு முழுக்க உள்ள கவுன்சிலர்களைவிட நம் ஒரு மாவட்டத்தில் அதிகம். நடந்துபோய்க் கதவைத் தட்டுகிற தூரத்தில் ஒரு மெம்பர் இருக்கிறார் என்பது சின்ன விஷயம் இல்லை. அந்த வரத்தை நாம் வருஷக்கணக்காகப் பூட்டி வைக்கிறோமே என்பதுதான் என் வேதனை.

1, 2, 3 முறையை நாளைக்கே இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: தேர்தல் அந்தந்த வருஷத்தில் நடப்பது. 1999, 2004, 2009, 2014, 2019, 2024 என்று ஒரு வருஷம்கூடப் பிசகவில்லை. பழையவர்கள் இறங்கும்போது புதியவர்கள் ஏறுகிறார்கள், நடுவில் ஆள் இல்லாத காலம் என்று ஒன்று இல்லை. ஆரம்பத்திலிருந்தே அப்படி இருந்ததா என்று மருமகனிடம் கேட்டேன். இல்லையாம். 1967, 1974, 1979, 1985, 1991, 1999 என்று அவர்களுக்கும் இஷ்டத்துக்குத்தான் நடந்திருக்கிறது. அரசாங்கம் நினைத்தால் தள்ளிப்போடலாம் என்று இருந்தது. கடைசியாகத் தள்ளிப்போட்டதில் எட்டு வருஷ இடைவெளி விழுந்துவிட்டது. அப்புறம் 1999 ஜூனில், உள்ளாட்சித் தேர்தல் நடந்த அதே நாளில், மக்களிடம் தனியாக ஓட்டெடுப்பு நடத்தி அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். போன தேர்தல் நடந்த வருஷத்துக்கு அடுத்த ஐந்தாவது வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தே தீர வேண்டும். அன்றிலிருந்து எந்த அரசும் அதில் கை வைக்கவில்லை.

நம் அரசியல் சட்டத்தில் இது 1993லேயே வந்துவிட்டது. 243 ஈ பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஐந்து வருஷம்தான், அது முடிவதற்குள் தேர்தல். அதன்படி 1996, 2001, 2006, 2011 என்று நான்கு முறை ஒழுங்காக நடந்தது. 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்க வேண்டியது. நான் இரண்டாவது முறையாக மனுத் தாக்கல் செய்துவிட்டேன், நோட்டீஸ்கூட அடித்தாகிவிட்டது. 4ஆம் தேதி உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்பது வழக்கில் சொன்ன முக்கியமான காரணம். அந்தக் காரணத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஒதுக்கீடு சரியாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதைச் சரிசெய்து தேர்தல் நடத்த எவ்வளவு காலம் ஆனது? மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலரின் காலத்தை ஆறு ஆறு மாதமாக நீட்டிக்கொண்டே போனார்கள். 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் நடந்தது. தென்காசி போலப் புது மாவட்டங்கள் பிரிந்ததால் வார்டு எல்லை வரையறை முடியவில்லை என்று எங்களையும் சேர்த்து ஒன்பது மாவட்டங்களை நிறுத்திவைத்தார்கள். பிறகு கொரோனா. உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. நடுவில் முழுசாக ஐந்து வருஷம், ஒரு மன்றத்தின் ஆயுள் முழுவதும், எங்கள் ஊருக்குத் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை.

அந்தக் காலத்தில் என்ன ஆனது என்று கேளுங்கள். 2017 கோடையில் கடும் வறட்சி. எங்கள் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் எரிந்துபோனது. தலைவர் இருந்திருந்தால் மறுநாளே ஆள் அனுப்பிக் காயில் கட்டியிருப்பார். மன்றக் கூட்டத்தில் தீர்மானம் போட்டுச் செலவை எழுதியிருப்போம். தனி அலுவலரோ ஒன்றியத்தில் உள்ள அத்தனை ஊராட்சிக்கும் ஒரே ஆள். நாங்கள் போன அன்றெல்லாம் அவர் வேறெங்கோ ஆய்வுக்குப் போயிருப்பார். அவரைக் குறை சொல்லமாட்டேன்; ஒரு மனிதர் எத்தனை ஊர்த் தண்ணீரைப் பார்ப்பார்? பெண்பிள்ளைகள் வாழைத்தோட்டத்துப் பம்புசெட்டுகளுக்கு இடுப்பில் குடத்தோடு நடந்தார்கள். சில தோட்டக்காரர்கள் விட்டார்கள், சிலர் விடவில்லை. யாரை விட்டார்கள், யாரை விடவில்லை என்பதில் சாதி இருந்தது. கடைசியில் வீட்டுக்கு வீடு காசு பிரித்து நாங்களே காயில் கட்டினோம். தினமும் காலையில் என் வீட்டு வாசலுக்கு, "மெம்பரம்மா, ஏதாவது பண்ணுங்க" என்று வந்தவர்களிடம் எனக்குக் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக்குழுவின் மானியமும் தமிழ்நாட்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. தண்ணீருக்கும் சாக்கடைக்கும் வரவேண்டிய காசு அது.

இதை 2024 ஜூலையில் எழுதக் காரணம் இருக்கிறது. அந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு வரும் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு காலம் முடிகிறது. இன்னும் ஆறு மாதம்கூட இல்லை. நம் மாவட்டம் உள்ளிட்ட ஒன்பதுக்கு 2026 அக்டோபர். வார்டு வரையறை, சுழற்சி முறை ஒதுக்கீடு, வாக்காளர் பட்டியல் எதுவும் திடீரென்று முளைக்கிற வேலை இல்லை. முடியும் தேதி மன்றம் பதவியேற்ற அன்றே தெரிந்துவிடுகிறது. அயர்லாந்தில் 2019 தேர்தலுக்கான எல்லைகளை இரண்டு குழுக்கள் 2018 ஜூனிலேயே அறிக்கையாகக் கொடுத்துவிட்டன. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்ல நேரம் இருந்தது. இங்கேயும் வரையறையையும் ஒதுக்கீட்டுப் பட்டியலையும் காலம் முடிவதற்கு ஒரு வருஷம் முன்பே வெளியிட்டால், வழக்குப் போடுகிறவர்கள் அப்போதே போடட்டும், நீதிமன்றம் அப்போதே தீர்த்துவைக்கட்டும். மனுத் தாக்கல் முடிந்து நோட்டீஸ் அடித்த பிறகு ரத்தாகிற நிலைமை வராது. சில ஊராட்சிகளைப் பக்கத்து நகராட்சியோடும் மாநகராட்சியோடும் சேர்க்கப்போவதாக அடிக்கடி பேச்சு வருகிறது. சேர்ப்பதென்றால் அதையும் இந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும். அதைச் சாக்காக வைத்து மற்ற ஊர்களை நிறுத்தக்கூடாது.

மாநிலத் தேர்தல் ஆணையத்தையும் ஊரக வளர்ச்சித் துறையையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: 27 மாவட்டத் தேர்தல் அறிவிப்பு எந்த மாதம் வரும், திருநெல்வேலி மாவட்டத்தின் 204 ஊராட்சிகளுக்கு வரையறை வேலை எந்த மாதம் தொடங்கும் என்று இப்போதே எழுத்தில் சொல்லுங்கள். ஆசிரியர் அவர்களே, உங்கள் நெல்லைப் பதிப்பின் நிருபரை அனுப்பி இந்த இரண்டு கேள்விகளையும் அதிகாரிகளிடம் கேட்டு, அவர்கள் தருகிற பதிலைத் தேதியோடு வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதில் வரவில்லை என்றால், வரவில்லை என்பதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஊராட்சி வார்டு உறுப்பினர்,
பச்சையாற்றுக் கரை,
திருநெல்வேலி மாவட்டம்.
ஜூலை 2024